நேராக்கியவர்

பிரபு இறந்த அன்றும்
நான் கணக்குத்தான் எழுதினேன்.
கறுப்புத் துணி, பன்னிரண்டு கஜம்.
மெழுகுவர்த்தி, நாலு டஜன்.
விஸ்கி மூன்று பீப்பாய்:
சுமப்பவர்களுக்கு ஒன்று,
அழுபவர்களுக்கு இரண்டு.

முப்பத்தோரு வருடம்
ஸ்ட்ராத்தோரன் பண்ணைப் பேரேட்டில்
அவர் ஒப்பத்துக்கு மேலே என் எழுத்து.
காலைச் செருப்பு அறிந்த அளவுக்கு
அவரை நான் அறிவேன்.

இத்தாலி பார்த்துவிட்டு வந்த இளைஞர்
முதல் நாளே மாடியில் நின்று ஆற்றைப் பார்த்தார்.
ஏழு வளைவு.
"குடித்தவன் வீடு திரும்புவதுபோல் போகிறதே,
யாரும் கேட்பதில்லையா?"
நாற்பது ஆள். இரண்டு கோடை.
தலைக்கு நாளொன்றுக்கு ஆறு பென்னி.
ஓரன் ஆறு அளவுகோல் வைத்த மாதிரி ஓடிற்று.
கல் சரிந்ததில் ஃபின்லே மக்கஸ்கிலுக்கு
இரண்டு விரல் போயிற்று.
அது பேரேட்டில் இல்லை.
அதற்கென்று கட்டம் போட்டிருக்கவில்லை.

பிறகு சுண்ணாம்பு, வண்டி வண்டியாக.
பிறகு டர்னிப்.
ஆடு தின்னும் கிழங்கை மனிதன் நடுவதா என்று
ஊர் சிரித்தது.
ஞாயிறு காலை தேவாலய வாசலில்
எல்லோரும் பார்க்க
பச்சையாக, தோலோடு, மண்ணோடு
ஒரு முழுக் கிழங்கைக் கடித்துத் தின்றார்.
கண்ணில் நீர் வந்தது. நிறுத்தவில்லை.
ஜூனில் பனி விழுந்த வருடம்
ஓட்ஸ் பால் பிடிக்கவில்லை.
டர்னிப் தின்றே உயிர் வைத்திருந்தோம்.
இதையும் எழுதத்தான் வேண்டும்.

லண்டனில் பத்தொன்பது வருட உறுப்பினர்.
வாய் திறந்தது மூன்று முறை:
ஹெர்ரிங் மீனுக்கு மானியம் கேட்டு,
மால்ட் வரியை எதிர்த்து,
காற்றடிக்கிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்று.
மூன்றாவது மட்டும் நிறைவேறியது.
எங்கள் கவுண்டியில் வாக்காளர் மொத்தம்
முப்பத்தாறு பேர்.
அதில் பதினான்கு பேரை நானே பெற்றேன்,
தோல் சுருளில், ஒரே இரவில்.
பிடி மண் இல்லாத நிலக்கிழார்கள்.
தேர்தலன்று வந்தார்கள்,
கை தூக்கினார்கள்,
ஆட்டிறைச்சி சாப்பிட்டுப் போனார்கள்.

பால்னகார் பற்றி யாரும் கேட்பதில்லை.
நானாகச் சொல்கிறேன்.
இருபத்திரண்டு வீடு,
சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தால்
ஏரியை மறைத்தது.
கெட்ட மனசு இல்லை அவருக்கு;
பார்வைக்குத்தான் இடைஞ்சல்.
மலைக்குப் பின்னால் புது ஊர் கட்டினார்,
இரண்டு தெரு, குறுக்கே ஒரு சந்தை,
மனைவி யூஃபீமியாவின் பெயர்,
ஒவ்வொரு வீட்டுக்கும் புகைபோக்கி.
எல்லோரும் போனார்கள்.
ஓய்ரிக் என்கிற விதவை
அடுப்பு நெருப்பைச் சட்டியில் ஏந்தி நடந்தாள்.
ஐந்து மைல். மழை.
வாசலில் சட்டியைத் திறந்து பார்த்தவள்
மூடிவிட்டாள்.
நான் தீப்பெட்டகம் நீட்டினேன்.
வாங்கவில்லை.

நவம்பரில் அடக்கம்.
மூன்று நாள் மழையில்
ஓரன் எழுந்துவிட்டது.
புதுப் பாலம் அங்கேயே நின்றது,
தொட முடியாத தூரத்தில்,
இரு பக்கமும் வெள்ளத்தோடு.
ஆறு தன் ஏழு வளைவுகளிலும்
போய் உட்கார்ந்திருந்தது,
வெளியூர் போயிருந்தவர் மாதிரி.

தூக்கியவர்கள் கேலிக்கில் ஏதோ பேசினார்கள்.
பழைய தடத்தில் திரும்பினார்கள்,
இருட்டில், விளக்கில்லாமல்.
ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போனவர்
அதன் பெயரைக் கூப்பிட,
பின்னால் இருந்தவர்கள் காலை மாற்றிவைத்தார்கள்.
வரைபடத்தில் அந்த இடங்களுக்கு
நான் எண் போட்டிருந்தேன்.
பால்னகாரின் அடித்தளக் கற்களுக்கு நடுவே
பெட்டியை இறக்கி மூச்சு வாங்கினார்கள்.
ஃபின்லே எட்டு விரலோடு
இடது முன்பக்கம்.

இன்று காலை வாரிசு ஆளனுப்பினார்:
ஆற்றை மறுபடி நேராக்க என்ன ஆகும்?
நாற்பது ஆள், இரண்டு கோடை என்று எழுதினேன்.
பேனாவைக் கீழே வைக்குமுன்
பழைய வரி ஒன்றையும் திருத்தினேன்:
விஸ்கி மூன்று பீப்பாய்,
சுமந்தவர்களுக்கு.