மனேச்சர் விடமாட்டார்

ஆறு திறப்புகள் தந்தார்கள்.
ஐந்துக்குப் பூட்டு இருந்தது.
ஆறாவது எதற்கென்று
வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனவரிடம் போனில் கேட்டேன்.
"எனக்கும் தெரியாது பிள்ளை.
தந்தவை, வைச்சிருந்தனான்."

ஒட்டுசுட்டான் பால் குளிரூட்டும் நிலையம்.
முகாமையாளர் என்று எழுதிய கதவுக்கு உள்ளே
இடப்பக்கம் சாயும் சுழல் கதிரை.
முதல் மூன்று நாளும் நான்
பால் சோதிக்கும் மேசையடி ஸ்ரூலிலேயே இருந்தேன்.
நாலாம் நாள் வதனரூபி
ஸ்ரூல் தனக்கு வேணும் என்றாள்
நிலத்தைப் பார்த்து.
மிஸ் என்றும் சொன்னாள்.
போன மாதம் வரைக்கும்
என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கேட்காமல் கைவிட்டவள்.

மத்தியானத்தில் தாங்கிக் கொட்டகைக்குப் பின்னால்
சிரிப்புக் கேட்கும்.
நான் போய்ச் சேர முதலே நின்றுவிடும்.
எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.
அதைத் தொடக்கிவைத்ததே நான்தான்:
இடுப்பில் திறப்புக் கொத்துக் கிலுங்க
மனேச்சர் நடக்கிற நடை.

இடாப்பில் எட்டு மணிக்குச் சிவப்புக் கோடு கீறவேண்டும்.
கோகுலரூபன் வருகிற பஸ் எட்டேகாலுக்கு.
அந்த பஸ்ஸில் எந்த சீற்றுக்கு மேல் மழை ஒழுகும் என்பதுவரை
எனக்குத் தெரியும்.
முதல் நாள் எட்டு இருபதுக்குக் கீறினேன்.
மற்ற நாள் எல்லாரும் எட்டரைக்கு வந்தார்கள்.
அதற்கடுத்த நாள் எட்டுக்கே கீறிவிட்டு
பேனையை மூட மறந்து
விரலெல்லாம் சிவப்பு.

வெள்ளிக்கிழமை
சைக்கிள் கரியரில் இரண்டு கானோடு
தேவசகாயம் அண்ணை வந்தார்.
பால்மானி அமிழ்ந்து இருபத்திரண்டில் நின்றது.
ரூபி என்னைப் பார்த்தாள்.
"மழைப் புல்லு பிள்ளை,
அதுதான் பால் கொஞ்சம் இளகிக் கிடக்கு."

ஏழு வருடம் இந்த மேசையில்
இந்தப் பேச்சுக்கு என்னிடம் ஒரு மறுமொழி இருந்தது.
"எனக்கென்ன அண்ணை, மனேச்சர் விடமாட்டார்."
சிரித்துக்கொண்டே சொல்லலாம்.
ஆளும் சிரித்துக்கொண்டே கானை மூடும்.
உள்ளே ஃபானுக்குக் கீழே இருந்தவர்
அத்தனை பேரின் திட்டையும்
தேத்தண்ணியோடு சேர்த்துக் குடித்தார் என்று
நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

பழக்கத்தில் வாய் திறந்தது.
"எனக்கென்ன அண்ணை, மனே..."

அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுக்கேலாது அண்ணை" என்றேன்.
அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.
கானை மூடி, கயிறு இறுக்கி,
"நீ நல்லா வருவாய்" என்றார்.
இரவு முழுக்கப் புரட்டிப் பார்த்தேன்.
வாழ்த்தில்லை.

பதினொரு மணிக்கு பவுசர் வந்து
தாங்கியை உறிஞ்சிக்கொண்டு மாங்குளம் பக்கம் போனது.
கழுவுகிற நேரம். குழாயைத் தூக்கினேன்.
கோகுலரூபன் கையிலிருந்து வாங்கினான்.
"நீங்கள் போய் இருங்கோ."
கோபமா, மரியாதையா,
அளந்து சொல்ல
அதற்கொரு மானி இல்லை.

போய் இருந்தேன்.
சாய்கிற பக்கத்துக்கு அட்டை மடித்து வைத்தேன்.
கொஞ்சம் குறைந்தது,
இல்லை, நான் பழகிவிட்டேன்.

திங்கள் காலை ஜன்னலுக்கு வெளியே
முத்தையன்கட்டுப் பக்கத்து ஆரோ ஒருவரிடம்
ரூபியின் குரல்:
"எனக்கென்ன ஐயா, மிஸ் விடமாட்டா.
அவ ஒரு மாதிரி."

எழும்பிப் போகவில்லை.
ஒரு மாதிரி என்றால்
எந்த மாதிரி என்று மட்டும்
கேட்கவேண்டும் போல இருந்தது.
தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது, குடித்தேன்.
கீழ் லாச்சியை இழுத்தேன், வரவில்லை.
ஆறாவது திறப்பைப் போட்டுப் பார்த்தேன்.

அதற்கும் இல்லை.