நூலுக்குப் பில் இல்லை

நத்தம் ரோட்டு மேம்பாலத்தின் கீழே
தூணுக்கு ஒரு பட்டம்.
வரைகிறவர் பெயிண்டர் காஜாமைதீன்.
அளக்கிறவன் நான்.
ஏணியில் நின்றபடி டேப்பின் மேல்நுனியை
அவரேதான் பிடித்துக்கொள்வார்.
ஒரு நூலளவும் விட்டுத்தர மாட்டார்.

நெடுக்கு ஒன்பதடி, குறுக்கு ஏழு.
பெருக்கி, இரண்டால் வகுத்து
அளவுப் புத்தகத்தில் எழுதினேன்.
"பாதி எங்க தம்பி போச்சு?"
சாய்சதுரம் அப்படித்தான் பாய்,
நாலு மூலையும் காற்றுக்குப் போய்விடும்.
"காத்து வந்து கூலி குடுக்குமா?"

வாலுக்கு உண்டு. பட்டையாக இருக்கிறது.
நூலுக்குக் கிடையாது,
கோட்டுக்கு நீளம்தான், பரப்பு இல்லை
என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே
மேலிடத்திலிருந்து வாட்ஸ்அப்:
நூல் வரையவே வேண்டாம்.

போன தையில் இதே பாலத்தின் மேலே
பைக்கில் போனவன் கழுத்தில் மாஞ்சா.
பதினொரு தையல்.
இப்போது ஊமச்சிகுளத்தில்
உச்சி வெயிலிலும் மப்ளர் சுற்றிக்கொண்டு
கறிவேப்பிலை விற்கிறான்.
பொதுச்சுவரில் நூல் தப்பான செய்தி என்று
கூட்டத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்,
யாரோ குறித்துக்கொண்டார்கள்,
அவனை யாரும் கேட்கவில்லை.

முப்பத்திரண்டு தூணில் ஏற்கெனவே இருந்த நூலை
சாம்பல் நிறம் அடித்து மறைத்தார் காஜாமைதீன்.
அரையடி பிரஷ்.
மறைத்ததற்குப் பரப்பு உண்டு.
பில்லில் ஏற்றினேன்.
அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.
கூட்டலில் இருந்தேன்.

ஆடி வந்தது.
அம்மியைத் தூக்குகிற காற்று
பாலத்துக்கு அடியில் புகுந்து
காகிதக் கப்பு, பஸ் டிக்கெட்,
புரோட்டாக் கடையின் எண்ணெய் இலை
எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.
பட்டங்கள் அசையவில்லை.
நூற்றுப் பதினாறு அறுந்த பட்டங்கள்
ஒரே உயரத்தில்
விழவும் தெரியாமல்.

நூற்றுப் பதினேழாவதில் மட்டும்
தேய்ப்பு வண்டி மூக்கம்மா
பட்டத்தின் வயிற்றில்
சரியாகச் சூத்திரம் கட்டும் இடத்தில்
கான்கிரீட் ஆணி இறக்கியிருந்தாள்.
ஆணியிலிருந்து தார்ப்பாய்க்கு நீல நைலான் கயிறு,
தார்ப்பாயிலிருந்து வண்டிக் காலுக்கு.
காற்று உப்பும்போதெல்லாம்
கயிறு விறைத்தது.
தூணிலிருந்த பட்டம்
வண்டியை ஒரு சாண் இழுத்தது.
ஒரு கையால் கரிப்பெட்டியை அழுத்திக்கொண்டு
மறுகையால் கயிற்றைப் பற்றினாள்,
விடுவதும் சுண்டுவதுமாக,
யாருடைய சட்டையிலும் பொறி விழாமல்.

அரசாங்கத் தூணில் ஆணி.
எழுதத்தான் வேண்டும்.
'சேதம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
துளை: அளக்கும்படி இல்லை.
கயிறு: அது முன்பே தீர்ந்துபோன வழக்கு,
நீளம்தான்.
கட்டத்தில் ஒரு மைப்பொட்டு விழுந்தது,
மூடி வைத்தேன்.

நூற்றுப் பதினெட்டின் ஏணியிலிருந்து
பிரஷ்ஷை ஆட்டிக் கத்தினார் காஜாமைதீன்:
"இழுக்காதம்மா, விடு, விடு,
இன்னும் ஏறும்!"

மூக்கம்மா அவரை ஒரு முறை முறைத்துவிட்டு
யாருடைய வேட்டியையோ
நான்காக மடித்தாள்.