கொக்கி வால்

லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் கோப்பு சுமப்பவன் நான்.
அதிகம் படித்தவனில்லை; எடை தெரியும்.
மத விசாரணை மன்றத்தின் கட்டுகள் கனம்,
கப்பல் கணக்குகள் அதைவிடக் கனம்,
நாற்றம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஜெனெப்ரா செய்ஷாஸ் முதலில் வந்தபோது
உதவித்தொகை மாணவி. கிழிந்த கையுறை,
மதியத்துக்கு ஒரு துண்டு சோள ரொட்டி.
பிறகு முனைவர். பிறகு பேராசிரியர்.
பேரரசும் சிலுவையும் பற்றிப் பேச
ரியோவுக்கும் கென்ட்டுக்கும் விமானம் ஏறினார்.
இடையில் ஒரு கணவர் வந்தார், போனார்:
கேட்புச் சீட்டில் அவர் பெயர் நீண்டு
பழையபடி சுருங்கியது.

எங்கே போனாலும் நவம்பரில் திரும்பி வந்து
அதே கோப்பைக் கேட்பார்.
அகொஸ்தீன்யோ, அடிமை, கப்பல் சமையல்கட்டு ஆள்,
கினியாக் கரையில் பிடிபட்டவன்.
குற்றம்: கழுத்தில் ஒரு தோல் பை.
கத்தி இறங்காது, குண்டு துளைக்காது என்று நம்பியது.
பை இன்னும் இருந்தது, நாற்பதாம் ஏட்டில் தைத்தபடி,
தீப்பெட்டியில் பாதி.
பிரிக்க அனுமதியில்லை.
அதன்மேல் நான்கு கட்டுரை எழுதி
ஒரு பதவியும் வாங்கியவர்
ஒருநாளும் தொட்டதில்லை.

இந்த நவம்பரில் நூல் தானே அற்றது.
மேலிடத்துக்கு எழுதி, மூன்று முத்திரை வாங்கி,
பழுதுபார்ப்பவர் இடுக்கியால் விரித்தார்.
எட்டாய் மடித்த தாள். ஒரு ஜெபம்.
எல்லாரும் ஜெபத்தைப் படித்தார்கள்.
அவர் கையெழுத்தைப் பார்த்தார்.

“தெமெத்ரியோ, இங்கே வாங்க.”
என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே
அன்றுதான் தெரிந்தது.
லென்சின் கீழே இரண்டு ஒய்,
இரண்டுக்கும் தூண்டில் முள்போல்
இடப்பக்கம் வளைந்த வால்.
ஒன்று ஜெபத்தில்.
மற்றது விசாரணைக் குறிப்பில்.

“யார் எழுதிக் கொடுத்தது?”
ஆறு தடவை கேட்டிருக்கிறார்கள்,
ஆறாவது தடவை கயிற்றை முறுக்கிவிட்டு.
“தெரியாது” என்றான் அகொஸ்தீன்யோ.
மேசையோரம் உட்கார்ந்து
அந்தத் ‘தெரியாது’வை ஆறு முறையும்
அழகாகப் பதிந்தான், எழுதிக் கொடுத்தவன்.
மை காய மணல் தூவவும் மறக்கவில்லை;
ஒன்றிரண்டு இன்னும் என் விரலில் ஒட்டும்.

“அவன் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை?” என்று கேட்டேன்.
“அது ஏட்டில் இல்லை” என்றார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.
“முப்பது வருஷம் இந்தக் கையை நம்பித்தான்
எல்லாம் எழுதினேன்.”

ஓய்வுக்குப் பத்தொன்பது நாள்.
மறுநாள் காலை ஒரு சீட்டு நீட்டினார்:
அந்தக் கை எழுதிய கோப்பெல்லாம் வேண்டுமாம்.
இருநூற்றுப் பதினாறு.
தள்ளுவண்டியின் சக்கரம் போன மாதமே கழன்றது.
தோளில்தான் கொண்டுவருகிறேன்.