என் பெயரில் ஒரு வெற்றி

ஏப்ரல். டுலூத்தில் ஏரி இன்னும் உருகி முடிக்கவில்லை.
இடதுபுறச் சுவருக்கு அப்பால்
பனிப்பாளங்கள் ஒன்றையொன்று உரசும் சத்தம்
காலி நாற்காலிகள் வரை வந்து திரும்புகிறது.

லிசாண்ட்ரோ ஏழு இன்னிங்ஸ் வீசினான்.
தொண்ணூற்றாறு பந்துகள். நான் எண்ணினேன்.
வேறென்ன வேலை? புல்பென்னில் ஒரே ஹீட்டர்,
ஆறு பேர், பன்னிரண்டு முழங்கால்கள்,
ரொட்டி வாட்டுவதுபோல்
திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டுக்கு ஒன்று. முன்னிலை எங்களுக்கு.
எட்டாவது இன்னிங்ஸ் எனக்கு.

ஸ்லைடர் என்றால் சறுக்க வேண்டும்.
என்னுடையது பாதி வழியில் நின்று
யோசித்தது.
பேட்டர் யோசிக்கவில்லை.

சுவரைத் தாண்டிப் போனது.
தண்ணீரில் விழுந்ததா பனியில் விழுந்ததா,
காது கொடுத்துக் கேட்டேன், தெரியவில்லை.
இரண்டுக்கு இரண்டு.
லிசாண்ட்ரோவின் ஒரு மாலை முழுவதையும்
ஒரே பந்தில் செலவழித்திருந்தேன்.

ஆரின் மேட்டுக்கு நடந்துவந்தான்.
முகமூடியை உச்சந்தலைக்குத் தள்ளி
கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு
மகளுக்குப் பல் விழுந்த கதையைச் சொன்னான்.
பல் தேவதை தலையணைக்கடியில்
ஒரு டாலர் வைப்பாளா, ஐந்தா?
ஐந்து, என்றேன்.
பெரிய முடிவு கிடைத்தவன்போல்
தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.
அடுத்த மூவரையும் வெளியேற்றினேன்.
எப்படியென்று கேட்காதீர்கள்.

பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு.
பந்து என் விரல்களில் இருக்கும்வரை
ஆட்டம் தொடங்குவதில்லை;
நடுவர், பேட்டர், எட்டுத் தோழர்கள்,
பாப்கார்ன் விற்கும் பையன்கூட
என்னைப் பார்த்தபடி நிற்பார்கள்.
விட்ட மறுகணம் நானும் வேடிக்கை பார்ப்பவன்.
டிக்கெட் வாங்காதவன், அவ்வளவே.
போட்டி போடுகிறேன் என்று பேட்டியில் சொல்கிறேன்.
யாரோடு? நேற்றுவரை, எதிரே மட்டை பிடிப்பவனோடு
என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் முறை வந்தது.
ஷெர்வின் குராசோ தீவுக்காரன்,
குளிரைத் தன்மீது தொடுத்த வழக்காக எடுத்துக்கொள்பவன்.
அவன் மட்டை இரண்டாக உடைந்தது.
பந்து சோம்பலாக எழும்பிப் போய்
இரண்டு பேருக்கு நடுவே இறங்கியது.
'என்னுடையது' என்றான் ஒருவன்.
'என்னுடையது' என்றான் மற்றவன்.
பிறகு இருவருமே விட்டுக்கொடுத்தார்கள்.
அந்தப் பண்பாட்டில் எங்களுக்கு ஓர் ஓட்டம்.

ஒன்பதாவதைக் கியாரன் பூட்டினான்.

இனி விதி.
அணி முந்தியபோது கணக்கில் இருந்த பிட்ச்சர் எவனோ
வெற்றி அவன் பெயருக்கு.
வெற்றி: வோய்டெக்.
லிசாண்ட்ரோவுக்கு எதுவுமில்லை.
வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை,
ஊரில் இல்லாதவனைப்போல.

உடைமாற்றும் அறையில் தோளெல்லாம் ஐஸ் கட்டி
வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.
"நல்ல வெற்றி, வோய்டெக்."
குத்தலா, மனதாரச் சொன்னதா?
பழம் வாயில் இருந்ததால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வென்றவனுக்கென்று ஆட்டப்பந்தைக் கொடுத்தார்கள்.
அவன் குளிக்கப் போனபோது
அவன் காலணிக்குள் திணித்துவிட்டு வந்தேன்.
மறுநாள் என் காலணிக்குள் இருந்தது.
வாய்திறந்து இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
மே மாதம் அது ஷெர்வினிடம் போனது,
உடைந்த மட்டையின் நஷ்ட ஈடாக இருக்கலாம்.
ஜூனில் ஆரின். பிறகு கியாரன்.
ஜூலையில் பதினான்கு ஆட்டங்களில் பதினொன்று தோற்றோம்;
அப்போதும் அது
இருபது ஜோடிகளுக்குள் எங்கோ உலாவிக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் கோப்பை கிடைத்தது.
ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம்.
படத்தில் என் முழங்கை மட்டும் தெரிகிறது.

இதோ மறுபடி ஏப்ரல்.
லிசாண்ட்ரோ வேறு அணிக்குப் போய்விட்டான்,
நல்ல சம்பளம், சூடான ஊர்.
புல்பென்னுக்குப் புது ஹீட்டர் வாங்கியிருக்கிறார்கள்.
இன்று காலை காலணியில் கால் நுழைத்தேன்.

பெருவிரலில் இடித்தது.