திகதி குறித்தல்

பெயரைக் கேட்டு அப்பா முதலில் சந்தோஷப்பட்டார்.
ரூபன்.
எவடம், சாவகச்சேரியோ என்றார்
ட்ராம் ஓட்டும் சீருடையைக் கழற்றியபடி.
எண்டிங்கன், அப்பா. ஆர்காவ் பக்கம்.
பொல்லாக் குடும்பம். யூதர்.
ஒரு கை சட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.
பிறகு கேட்டார்:
"அப்ப, மரக்கறி சாப்பிடுவினமோ?"

மேசையில் இரண்டு பஞ்சாங்கம்.
ஒன்று கோயிலில் தந்தது, எண்ணெய்க் கறையோடு.
மற்றது மிரியம் மாமி கொண்டுவந்தது,
வலமிருந்து இடமாய்ப் புரள்வது.
நடுவில் மண்டபக்காரரின் அட்டவணை.
உண்மையான கிரகங்கள் அதில்தான் இருந்தன:
பச்சை நிறத்தில், மூன்றே மூன்று நாள்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஆகாது.
எங்கள் ஆட்களுக்குச் சனி மட்டும்தான் ஆகும்,
ஞாயிறு பிந்தினால் திங்கள் நாலரைக்கு வேலை.
ஆடியும் கூடாது என்றாள் அம்மா.
மிரியம் மாமி விரலை ஓட்டிப் பார்த்து நிமிர்ந்தாள்.
அந்த மூன்று கிழமை எங்களுக்கும் கூடாது,
துக்கம் காக்கும் நாட்கள்.
இரண்டு வீடும் முதன்முதலாய் ஒத்துப்போனது
கலியாணம் செய்யக்கூடாத நாட்களில்.
அன்றைக்கு அம்மா வடை சுட்டாள்.

ஐயர் தொலைபேசியில் கேட்டார்:
மாப்பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்?
நான் மொழிபெயர்த்தேன்.
மூன்று, என்றான் ரூபன்.
சனி இருட்டி, வானத்தில் மூன்று தெரிந்தால்
ஓய்வுநாள் முடிந்தது, பிறகு எதுவும் செய்யலாம்.
மறுமுனையில் கொஞ்சநேரம் இரைச்சல் மட்டும்.
"சரி, பொம்பிளையின்ரயை வைச்சுப் பாப்பம்."

ரப்பியின் கடிதம் மிக அழகான ஜெர்மனில் வந்தது.
வாழ்த்துகிறேன், வர இயலாது.
ரூபன் அதை மடித்து மடித்து
ட்ராம் டிக்கெட் அளவாக்கினான்.
அன்று மாலை ரைன் கரையில் பேசாமல் நடந்தோம்.
மீன் வடிவப் பைகளில் உடுப்பைக் கட்டிக்கொண்டு
ஆற்றோடு போய்க்கொண்டிருந்தார்கள் பாசல்காரர்கள்.
உள்ளதெல்லாம் ஒரே பைக்குள்.
எனக்குப் பொறாமையாய் இருந்தது.

எண்டிங்கனில் அவன் முப்பாட்டனார் இருந்த வீடு.
ஒரே சுவரில், தோளோடு தோளாய், இரண்டு கதவு.
யூதருக்கு ஒன்று, கிறிஸ்தவருக்கு ஒன்று,
கூரை மட்டும் பொது.
நான் எதால வாறது, என்று கேட்டேன்.
இப்போது குடியிருப்பவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்:
இடதுபக்கப் பூட்டுப் பழுது.

ஏழு சுற்று, ஏழு அடி, ஏழு ஆசி என்று
சந்தித்தவர்கள் எல்லாரும் கண் கலங்கிக் கணக்குச் சொன்னார்கள்.
நான் எண்ணவில்லை.
புகைக் கருவிகள் அலறுமென்று
மண்டபக்காரர் ஓமத்துக்கு அனுமதித்த நெருப்பு
ஒரு மெழுகுதிரி.

கடைசியாய், அந்தக் கண்ணாடி.
மாப்பிள்ளை காலால் மிதித்து உடைப்பான் என்றதும்
அம்மா எழும்பிவிட்டாள்.
"நல்ல காரியத்தில கண்ணாடி உடையிறதோ?"
ரூபனின் அப்பா ஆர்னோ மெதுவாய்ச் சொன்னார்,
அதைவிட மெதுவாய் நான் தமிழில் சொன்னேன்:
இடிந்த கோயிலை நினைக்க.
சந்தோஷத்துக்கு நடுவிலும்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.
கிளிநொச்சி வீட்டைப் பற்றி அவள் பேசுவதில்லை.
கூரை, கிணறு, சாமியறை, சின்ன மாமா
என்று ஒருநாளும் வரிசை வைத்ததில்லை.
"ஒரு கிளாஸ் காணுமோ?" என்றாள்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.
பதினாறு வருடமாய் இந்த வீட்டுக்கு
வரிக் கடிதம், வைத்தியர், வாடகை எல்லாம்
மொழிபெயர்த்தவள் நான்.
வாய் வரவில்லை.

செவ்வாயன்று ரூபன் பழைய சாமான் கடையில்
ஆறு குவளை வாங்கி வந்தான், நாலு பிராங்க்.
அம்மா ஒவ்வொன்றாய் நகத்தால் தட்டி
காதில் வைத்துக் கேட்டாள்.
மெல்லியதைத் தன் கலியாணக் கூறையின்
கிழிந்த துண்டில் சுற்றி அலுமாரியில் வைத்தாள்.

ஆவணி, கடைசி ஞாயிறு.
முற்பணம் கட்டியாயிற்று.
உடைந்ததைக் கூட்டுவது யார் என்று
மண்டபக்காரர் எழுதிக் கேட்டிருக்கிறார்.

மிச்சம் ஐந்து குவளையிலும் தேத்தண்ணி ஊற்றினோம்.
அப்பா ஃப்ளாஸ்க் மூடியில் குடித்தார்.