பின் சீட்

ஐந்து ரோடு ஆஸ்பத்திரியில்
வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து
வெளிச்சப் பொட்டு தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்.
அழுத்தினேன்.
காகிதத்தில் பாதி வெளுப்பு, பாதி கருப்பு.
இரண்டு கண்ணுக்கும் ஒரே பாதிதான் போயிருந்தது:
இடப்பாதி.

"கண்ணு ரெண்டும் சுத்தம்"
என்றார் டாக்டர் ஹெப்சிபா.
அப்படியானால் எங்கே போனது
பதினான்காம் வளைவில் நின்றிருந்த பால்வண்டி?

மருந்துச் சீட்டின் பின்னால் படம் போட்டார்.
கண்ணுக்குள் சாலை தலைகீழாய் விழுகிறது.
கிளம்பிய நரம்பில் பாதி
நடுவழியில் தடம் மாறி எதிர்ப்பக்கம் போகிறது,
மீதி போன பக்கமே போகிறது.
இடப்பக்கத்து உலகம் மொத்தமும்
வலது பின்மண்டையில் போய் இறங்கவேண்டும்.
இறங்குமிடத்தில்
ரத்தம் அடைத்துவிட்டது.

இருபத்தாறு வருஷம்
முன்னால் இருப்பதுதான் பார்க்கிறது என்றிருந்தேன்.
பார்த்தவன் கடைசி சீட்டில் இருந்திருக்கிறான்,
கண்டக்டர் செங்கோடன் மாதிரி,
வாயில் விசிலோடு.

"அந்தப் பக்கம் இருட்டா இருக்குமா?"
நல்லம்மா கேட்கிறாள்.
இருட்டு இல்லை.
உன் முதுகுக்குப் பின்னால்
இப்போது என்ன நிறம், சொல்லு.
அதே நிறம்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு மலையேறுகிறேன்.
கழுத்தைத் திருப்பித் திருப்பி
விட்டுப்போனதைப் பொறுக்குகிறேன்:
சில்வர் ஓக், மிளகுக்கொடி,
குட்டியோடு ஒரு குரங்கு,
பள்ளம்.

ஒண்டிக்கடையில் ஆள் இறங்கியதும்
பின்னாலிருந்து செங்கோடன் குரல்:
"ரைட், ரைட்!"

ஆமாம்ப்பா.
அது மட்டும்தான்.