பூஜ்யம்

கப்பலூர் சுங்கச்சாவடி தாண்டி இடப்பக்கம் திரும்பினால்
முதலில் தவிட்டு வாசனை வரும்.
அதற்குப் பின்னால் ஹெக்சேன்.
தவிட்டைக் கழுவி எண்ணெயைப் பிரித்தெடுக்கிற திரவம்.
பார்க்கத் தண்ணீர். குணத்தில் பெட்ரோலுக்குப் பங்காளி.
காற்றைவிடக் கனமான ஆவி,
மேலே போகாது.
தரையோடு தரையாக ஊர்ந்து
கழிவுநீர்க் கால்வாயில் போய்ப் படுத்துக்கொள்ளும்,
எவனாவது ஒரு பொறி கொண்டுவரட்டும் என்று.

அதனால்தான் என் பெட்டியைக்
கணுக்கால் உயரத்தில் மாட்டியிருக்கிறாய்ங்க.
என் பெட்டி என்றால் சென்சார்.
வெடித்தாலும் வெளியே விடாத தடித்த வார்ப்பு,
உள்ளே கடுகளவில் ஒரு மணி,
எப்போதும் சுடச்சுட.
வருகிற ஆவியில் ஒரு துளியைத்
தன்மேல் எரித்துப் பார்த்துதான்
எத்தனை சதவீதம் என்று அது சொல்லும்.
ஆலை எரியாமலிருக்க
ஒரு கடுகு நெருப்பைப் பூட்டி வைத்துச்
சோறு போட்டு வருகிறேன், ஆறு வருடமாக.

வாசலிலேயே செல்போனை வாங்கிக்கொள்வோம்.
நைலான் சட்டைக்கு உள்ளே இடமில்லை.
ஸ்பேனர்கூட வெண்கலம்,
கீழே விழுந்தால் பொறி வராது,
கோயில் மணிக்குத் தூரத்துச் சொந்தம்.
இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்தவள்தான் நான்.

பன்னிரண்டு நாளாகப் பூஜ்யம்.
ஒச்சப்பன் பதிவேட்டில் எழுதும் பூஜ்யங்கள் அழகானவை,
தொடங்கிய இடத்தில் சரியாக வந்து முட்டும்.
அதற்கு முன்னால் இரண்டு, மூன்று, ஒருநாள் ஐந்து.
ஐந்துக்கு எங்களை வைதார் லூர்துராஜ் சார்.
பூஜ்யத்துக்கு எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.
குடித்தேன். இனிப்பு தூக்கல்.

திங்கட்கிழமை சோதனை வாயு சிலிண்டரோடு
குனிந்து உட்கார்ந்தேன்.
மூடியை மாட்டி வால்வைத் திறந்தேன்.
ஐம்பது காட்ட வேண்டும்.
இருபதிலேயே சைரன் அலறியிருக்க வேண்டும்.
முப்பது விநாடி.
ஒரு நிமிடம்.
சித்திரை வெயிலில் தகரக் கூரை முறுக்கிக்கொள்ளும் சத்தம்,
அது தவிர எதுவுமில்லை.
பூஜ்யம்.

ஒன்றுமில்லை என்பது ஒரு பூஜ்யம்.
ஒன்றும் தெரியவில்லை என்பது வேறொன்று.
திரையில் இரண்டுக்கும் அதே முட்டைதான்.

கைக்கருவியை இறக்கினேன்
கால்வாய் மூடி இடுக்கில்.
பதினொன்று. பதினெட்டு.
இருபத்துமூன்றில் அது கத்த ஆரம்பித்ததும்
ஒச்சப்பன் என்னைப் பார்த்தான்,
நான் பம்பைப் பார்த்தேன்,
தேய்ந்த சீல் வழியாக
வியர்ப்பதுபோல் ஒழுகிக்கொண்டிருந்தது.

"பதினெட்டு டன் உள்ள கிடக்கு, இப்ப நிறுத்தினா?"
என்று சார் கேட்டு முடிக்கும் முன்னால்
சிவப்புப் பொத்தானை அமுக்கியிருந்தேன்.
எல்லாரும் வெளியே.
புளியமரத்தடியில் தலை எண்ணினோம்.
நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணச் சொன்னேன்.

காரணத்தை இரவு கண்டுபிடித்தேன்,
பட்டாபுத்தூர்ப் பேருந்தில் வீடு திரும்பும்போது,
கண்டக்டர் கதவை அடித்துச் சாத்தினபோது.
கன்வேயர் அறைக் கதவு.
கீச்சுக் கீச்சென்று உயிரை வாங்குகிறதே என்று
டவுன்ஹால் ரோட்டில் சிலிகோன் ஸ்ப்ரே வாங்கிக்
கீலில் அடித்தது யார்?
நான்.
பதின்மூன்று நாளைக்கு முன்னால்,
சென்சாரிலிருந்து மூன்றடியில்.
சிலிகோன் ஆவி அந்தக் கடுகின்மேல் படிந்தால்
கண்ணாடிப் பூச்சு,
அப்புறம் அது எதையும் எரிக்காது.
கையேட்டில் இருக்கிறது. நாற்பத்தேழாம் பக்கம்.
பயிற்சியில் நானே வாசித்துக் காட்டிய பக்கம்.

மறுநாள் விபத்துப் பதிவேட்டில்
காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.
"வேற மாதிரி எழுதலாமேக்கா" என்றான் ஒச்சப்பன்.
அவனுடைய பன்னிரண்டு பூஜ்யத்துக்கும் பக்கத்தில்
சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டேன்.
அதற்குத்தான் அவன் முகம் வாடியது.

புது சென்சார் வெள்ளிக்கிழமை வந்தது.
மாட்டி, சூடேறக் காத்திருந்து பார்த்தேன்.
மூன்று.
இருட்டறையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு
யாரோ முனகினது மாதிரி இருந்தது.

கதவு இப்போது மறுபடி கீச்சிடுகிறது.
கிரீஸ் தடவ வந்தவனைப்
பொறு, டப்பாவைக் கொடு என்று வாங்கி
மூக்குக்கண்ணாடி போட்டுப்
பொடி எழுத்தை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.